துணைக்கால்

அலுவலகத்தில் அவனுக்குக் கஞ்சன் என்று பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பளம் போடுகிறவரைத் தவிர அதை யாரும் உபயோகித்ததில்லை. எச்சில் கையால் காக்கை ஓட்டாதவன் என்று நினைத்துவிடக் கூடாது. காசு விஷயத்தில் அவன் தாராளம். தேநீர்க் கடையில் எல்லோருக்கும் முன்னால் பையில் கை விடுகிறவன் அவன்தான். அவனுடைய கஞ்சத்தனமெல்லாம் கணினியின் நினைவகத்தோடு சரி. அடுத்தவர் எழுதிய புரோகிராமில் கொஞ்சம் இடம் வீணானால்கூட, தன் வீட்டுக் குழாய் ஒழுகுகிற மாதிரி துடித்துப்போவான்.

குறுஞ்செய்தி அனுப்பிக் கொடுப்பதுதான் அந்தக் கம்பெனியின் பிழைப்பு. மருந்துக்கடைக்கு மேலே ஒரு மாடி, நாலைந்து மேசை, எப்போதும் முனகிக்கொண்டிருக்கும் ஒரு குளிர்சாதனப் பெட்டி. தண்ணீர் விநியோக அலுவலகம் பெரிய வாடிக்கை. நாளை காலை உங்கள் பகுதியில் தண்ணீர் வராது என்று ஊர் முழுக்கச் சொல்ல வேண்டும். அதற்கான புரோகிராமை எழுதியது கஞ்சன்.

அனுப்பப் போகிற செய்தியை முதலில் பஃபரில் எழுதி வைக்க வேண்டும். பஃபர் என்றால் பெரிய விஷயமில்லை. நினைவகத்துக்குள் எழுத்துகளைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கிற இடம். எழுதியது முடிந்ததும் முதலிலிருந்து கடைசி வரை படித்து அனுப்பிவிடலாம். மற்றவர்களாக இருந்தால் செய்திக்கு ஒரு புதிய பஃபர் எடுத்திருப்பார்கள். கஞ்சனுக்கு மனசு வருமா? எல்லாச் செய்திக்கும் ஒரே பஃபர்தான். ஒன்று போனதும் எழுதுகோலை முதல் எழுத்துக்குக் கொண்டுபோய், பழசின் மேலேயே புதுசை எழுத வேண்டியது. ஒரே கரும்பலகையைத் திரும்பத் திரும்ப உபயோகிப்பது போலத்தான். புரோகிராம் பறந்தது. முதலாளி அவன் தோளில் தட்டினார்.

கரும்பலகை என்றால் துடைக்க வேண்டாமா? புதுச் செய்தி பழையதைவிடச் சின்னதாக இருந்தால், பழையதின் வால் பலகையிலேயே நிற்கும். அந்த வாலை வெட்ட ஒரே ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். யானை வாங்கியவன் அங்குசம் வாங்க மறந்தானாம். அந்த வரியை அவன் எழுதவில்லை. தண்ணீர் அறிவிப்பு எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு. புதுசு பழசை அச்சாக மூடிவிடும். அதனால் வருஷக்கணக்காக யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை, அவன் உட்பட.

அவனுடைய தங்கையின் புருஷன் சுரங்கப்பாதை வேலையில் பம்ப் இயக்குகிறவன். மலைக்கு உள்ளே ரயிலுக்காகப் பாதை குடைந்துகொண்டிருந்தார்கள். குடையக் குடைய ஊறும் தண்ணீரை வெளியே இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இறங்கினால் பம்ப் அறையில் அவன் ஒருத்தன்தான். "மச்சான், நீங்க தண்ணி வராதுன்னு ஊருக்கே சொல்றவர். நான் வர்ற தண்ணிய விரட்டறவன். ஒரே வீட்டுல இப்படி ரெண்டு பேரா?" என்று சொல்லிவிட்டு, தான் சொன்னதற்குத் தானே முதலில் சிரிப்பான். அந்தச் சிரிப்புக்குக் கஞ்சன் எரிச்சல் வந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வது அந்த வீட்டு வழக்கம். உள்ளுக்குள் அவன்மேல் கஞ்சனுக்குக் கொள்ளைப் பிரியம். கல்யாணத்துக்கு முன்னால் சதா முணுமுணுத்துக்கொண்டிருந்த தங்கை, கட்டிக்கொடுத்த பிறகு சமையலறையில் பாட்டுப் பாட ஆரம்பித்ததற்கு அந்த ஆள்தானே காரணம்.

சுரங்கம் இடிந்தது என்று விடியற்காலையில் செய்தி வந்தது.

இரண்டு இடத்தில் அடைத்துக்கொண்டது. இடதுபக்கக் கிளையில் பம்ப் அறை. வலதுபக்கக் கிளையில் பாறை உடைக்கிறவர்கள். அதில் வாய்க்கு அருகே இருந்த சிலரை முதலிலேயே தூக்கி மருத்துவமனைகளுக்கு அனுப்பிவிட்டார்கள். மற்றவர்கள் உள்ளே. துளை போடும் இயந்திரம் ஒன்றுதான் இருந்தது; இன்னொன்று எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது. அதை இடது பக்கம் நிறுத்தினார்கள். பம்ப் அறைக்கு மேலே பாறை மெல்லிசு, சீக்கிரம் போய்விடலாம் என்று கணக்கு.

தங்கையும் அம்மாவும் சுரங்க வாயிலுக்கு ஓடினார்கள். கஞ்சனும் கிளம்பியிருப்பான். அதற்குள் முதலாளி கூப்பிட்டார். உறவினர்களுக்குத் தகவல் சொல்ல நிவாரண அலுவலகம் நம்மைக் கேட்கிறது, புரோகிராமைப் பார்த்துக்கொள்ள நீ வேண்டும் என்றார். அவனும் யோசித்தான். அங்கே போய்க் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைவிட இங்கே இருந்தால், மாப்பிள்ளையைப் பற்றித் தகவல் வந்தால் ஒரு நொடி முன்னாலேயே தங்கைக்குப் போகும். நிவாரண அலுவலகத்தில் ஒவ்வொருத்தருக்கும் நிலவரத்தைத் தட்டெழுதுவார்கள். அது இவன் புரோகிராம் வழியாக அந்தந்த வீட்டுக்குப் போகும். அவன் பட்டனை அழுத்தினான். செய்திகள் வரிசையாகப் பறந்தன.

கொஞ்ச நேரத்தில் தங்கை போன் பண்ணினாள். முதலில் அழுகைதான் கேட்டது.

"அண்ணா! பேசறாராம்ணா! நெனவு வந்துடுச்சாம்! நம்மளக் கேக்கறாராம்ணா!"

"யாரு சொன்னா?"

"உன் மெசேஜ்தான் வந்துச்சு! வயித்துல பாலை வார்த்தியேண்ணா!"

அவன் போனை வைத்தான். மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். முதலாளி வந்து முதுகைத் தடவிவிட்டு, தன் சட்டைப் பையிலிருந்தே பணம் எடுத்துப் பஸ்ஸுக்குக் கொடுத்தார். எந்த மருத்துவமனை என்று கேட்டுக்கொள்ளக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. தங்கையையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு நேரே போய் அந்தத் திருட்டுப் பயலைக் கட்டிப்பிடித்து நாலு அறை விட வேண்டும் என்பது ஒன்றுதான் மனசில் இருந்தது.

சுரங்க வாயிலுக்கு எதிரே தகரக் கொட்டகை போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். அவன் போனபோது பெரிய சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. துளை போடும் இயந்திரத்தின் ஊன்றுகால்களைக் கழற்றி, சங்கிலி கட்டி, வலது பக்கத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். சேற்றில் அதன் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது.

தங்கை ஓடி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். முகம் வீங்கியிருந்தது, ஆனாலும் சிரித்தாள். அம்மா நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள்.

"மிஷின ஏன் திருப்பறாங்க?" என்று கேட்டான்.

"நான்தான்ணா சொன்னேன்." அவள் குரலில் ஒரு பெருமை இருந்தது. "பம்ப் ரூம்ல இவரு மட்டும்தானே. இவருதான் வெளிய வந்துட்டாரே, இடியறப்ப சுரங்க வாய்ப் பக்கம் நின்னிருப்பாரு போல. அப்புறம் அங்க எதுக்கு வெட்டியா தோண்டணும்? அந்தப் பக்கத்துப் பொம்பளைங்க காலைலேர்ந்து மாரடிச்சு அழறாங்க. மீட்புக் குழுத் தலைவர்கிட்டப் போனைக் காட்டினேன். அவரே படிச்சுப் பாத்துட்டு, 'ரொம்ப நல்லதும்மா'ன்னு சொல்லி உடனே திருப்பச் சொல்லிட்டாரு."

யாரோ காகிதக் கோப்பையில் தேநீர் கொண்டுவந்தார்கள். அவள் அதை வாங்கி அவன் கையில் திணித்தாள். "குடி, பச்சத்தண்ணி கூடப் பல்லுல பட்டிருக்காது உனக்கு. இந்தா, நீயே படி, உன் மெசேஜ்தானே. நடுவுல மட்டும் என்னமோ புள்ளி புள்ளியா ஒரு வட்டம் வந்துருக்கு. அது என்னண்ணா?"

அவன் படித்தான்.

தேடுதல் தொடர்கிறது. தகவல் கிடைத்ததும் தெரிவிக்கிறோம்.
◌ார். நினைவு திரும்பிவிட்டது. நன்றாகப் பேசுகிறார். வீட்டாரைக் கேட்கிறார்.

மீட்புக் குழுத் தலைவர் படித்ததும் இதைத்தான். முதல் வரி பழைய நிலவரம், கீழே இருப்பது புது நிலவரம் என்று நினைத்திருப்பார். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். நடுவில் இருந்த வட்டத்தை யார் பார்க்கப் போகிறார்கள்?

கஞ்சன் அந்த வட்டத்தைத்தான் பார்த்தான். எழுத்து இல்லாத இடத்தில் துணைக்கால் மட்டும் தனியாக வந்துவிட்டால் கணினி இப்படித்தான் செய்யும். ஒட்டிக்கொள்ள எழுத்தைக் காணோம் என்று சொல்ல, புள்ளி வைத்து ஒரு வெற்று வட்டத்தைப் போட்டுவிடும். இந்தத் துணைக்காலுக்கு முன்னால் ஒரு 'ற' இருந்திருக்க வேண்டும். 'இருக்கிறார்' என்பதில் உள்ள 'றா'. அந்த 'ற' வரைக்கும் புதுச் செய்தி வந்து மூடிவிட்டது. மிச்சம் வால். வேறொருத்தனுடைய செய்தியின் வால்.

பள்ளிக்கூடத்தில் படித்தது ஒன்று, நேரங்கெட்ட நேரத்தில் அவனுக்கு ஞாபகம் வந்தது. மெய் மேல் உயிர் ஏறினால்தான் உயிர்மெய். இங்கே உயிர்க்குறி மட்டும் நிற்கிறது, மெய் எங்கேயோ போய்விட்டது.

ஆனால் உடனே அவன் வாயைத் திறக்கவில்லை. இதைச் சொல்லத்தான் வேண்டும். அந்தத் தேநீரைக் குடித்து முடிக்கிற வரைக்கும் அவன் பேசாமல் நின்றான். இருக்காது, நிவாரண அலுவலகத்தில் யாராவது இரண்டாவது முறை தட்டெழுதியிருப்பார்கள், விரல் தவறி ஒரு துணைக்கால் விழுந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஒவ்வொரு மடக்கையும் மெதுவாக விழுங்கினான். தங்கை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே இயந்திரம் இன்னும் கொஞ்சம் வலது பக்கம் நகர்ந்தது.

காலிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு முதலாளிக்குப் போன் பண்ணினான். "நம்ம மாப்பிள்ளைக்கு முந்தின மெசேஜ் யாருக்குப் போச்சு? அத அப்படியே படிங்க."

முதலாளி தேடிப் படித்தார். "ஒரு பாறை உடைக்கிறவர் வீட்டுக்கு. உங்கள் உறவினர் மீட்கப்பட்டார். மருத்துவமனையில் இருக்கிறார். நினைவு திரும்பிவிட்டது. நன்றாகப் பேசுகிறார். வீட்டாரைக் கேட்..."

"போதும் சார்."

"ஏம்ப்பா, என்னாச்சு?"

அவன் போனை அணைத்தான். மீட்புக் குழுத் தலைவரை நோக்கி ஓடினான். சேற்றில் ஒரு செருப்பு மாட்டிக்கொண்டது. அதை விட்டுவிட்டு ஓடினான். தலைவர் தலையில் கவசமும் காதில் அடைப்பானுமாக நின்றிருந்தார். இவன் கத்துவது அவருக்குக் கேட்கவில்லை. கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் அடைப்பானை எடுத்தார்.

"மிஷின நிறுத்துங்க. அந்த மெசேஜ் தப்பு. பம்ப் ரூம்ல ஆள் இருக்கு."

"நானே படிச்சேன்ப்பா. பேசறாருன்னு போட்டிருந்துச்சு."

"அது அவருக்கு வந்தது இல்ல சார். வேற ஒருத்தருக்குப் போன மெசேஜோட மிச்சம். அழிக்காம விட்டுட்டேன். நான் எழுதின புரோகிராம் சார். நான்தான் அழிக்காம விட்டுட்டேன்!"

பஃபர், வால், வட்டம் என்று அவன் என்னென்னவோ சொன்னான். அதில் எதுவும் அவருக்குப் புரிந்திருக்காது. முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை. திரும்பி ஆட்களைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கினார். சங்கிலி நின்றது. வலது பக்கம் உட்கார்ந்திருந்த பெண்கள் எழுந்து ஒரே குரலாகக் கத்த ஆரம்பித்தார்கள்.

அவன் திரும்பிப் பார்த்தான். தங்கை அவன் விட்டுவந்த செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

"அப்ப பேசறது யாருண்ணா?" என்று கேட்டாள்.

"வேற ஒருத்தரும்மா."

"நம்மளக் கேக்கறாருன்னு..."

"அவரு அவங்க வீட்டக் கேக்கறாரு."

அவள் அழவில்லை. செருப்பைக் குனிந்து அவன் காலடியில் வைத்தாள். பிறகு, கடையில் மீதிச் சில்லறை குறைகிறதே என்று கேட்கிற மாதிரி சாதாரணக் குரலில் கேட்டாள்: "மிஷின நானில்ல திருப்பச் சொன்னேன்?"

நீ என்ன பண்ணுவே, தப்பு என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். சொன்னான்கூட. அந்தச் சத்தத்தில் அது அவள் காதில் விழுந்ததா என்று தெரியாது. விழுந்திருந்தால் மட்டும் என்ன?

இயந்திரத்தைத் திருப்பிக் கொண்டுவருவது சுலபமாக இல்லை. இறக்கியதை ஏற்ற வேண்டும், சேற்றில் பலகை போட வேண்டும், ஊன்றுகால்களை மறுபடி முறுக்க வேண்டும். அதற்குள் முதலாளி நாலு தடவை கூப்பிட்டுவிட்டார். நாலாவது தடவை அவன் எடுத்து நடந்ததைச் சொன்னான். எத்தனையோ வீட்டுக்கு வால் முளைத்த செய்தி போயிருக்கிறது. எல்லோருக்கும் திருத்தம் அனுப்ப வேண்டும்.

"கம்ப்யூட்டர் கோளாறுன்னு மட்டும் போடுவோம். அதுக்கு மேல வாயத் தெறக்காத" என்றார்.

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கப் பாக்கறீங்க சார்."

"மறைக்கலப்பா. இப்ப சரி பண்ணணும். எப்படின்னு சொல்லு. எனக்கு உன் புரோகிராம் புரியல."

கொட்டகையின் தூணில் சாய்ந்துகொண்டு, போனில் எழுத்துக் கூட்டி அந்த ஒரு வரியைச் சொன்னான். எழுதுகோலை முதலுக்குக் கொண்டுபோகிற வரிக்குக் கீழே சேர்க்கச் சொன்னான். இதற்கு மேல் இருப்பதையெல்லாம் வெட்டிவிடு என்று கணினிக்குச் சொல்லுகிற வரி அது. ஒரு மூச்சில் சொல்லி முடிக்கிற அளவுதான். முதலாளி தட்டெழுதினார், சோதித்துப் பார்த்தார், சரியாகிவிட்டது என்றார். இத்தனை சின்ன விஷயமா என்று அவர் குரலில் ஒரு ஆச்சரியம் வேறு.

சாயங்காலம் துளை பம்ப் அறைக்குள் இறங்கியது. இயந்திரத்தை நிறுத்தினார்கள். எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொன்னார்கள். வலது பக்கத்துப் பெண்கள்கூட அழுகையை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள். தலைவர் துளைக் குழாயை மூன்று முறை தட்டிவிட்டுக் காதை வைத்தார். மறுபடி தட்டினார். மறுபடி காதை வைத்தார். பிறகு கயிற்றில் ஒரு எடையைக் கட்டி உள்ளே விட்டு மேலே இழுத்தார்கள். கயிறு நெடுந்தூரம் நனைந்திருந்தது. பம்ப் அறையின் கூரை வரைக்கும் தண்ணீர்.

கஞ்சன் தலைவரிடம் போய் நின்றான். "சார், மிஷின் அங்கயே நின்னிருந்தா?"

அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே இருந்தார். நல்ல மனுஷர். பொய் சொல்ல நினைத்தது முகத்தில் தெரிந்தது. "அப்படியெல்லாம் சொல்ல முடியாதுப்பா" என்றார். "தண்ணி எப்ப ஏறுச்சுன்னு யாருக்குத் தெரியும்? முன்னாடியே ஏறியிருக்கலாம்." கழற்றிய கையுறையை இடுப்பில் செருகியபடி, "அப்படி ஏறாமலும் இருந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவன் கண்ணைப் பார்க்காமல் நகர்ந்தார்.

அந்த இரண்டு வாக்கியத்துக்கு நடுவில்தான் கஞ்சன் இனிமேல் குடியிருக்க வேண்டும். ஒரு கோப்பைத் தேநீர் அளவு நேரத்தை அவன் வேறு சேர்த்து வீணாக்கியிருக்கிறான். பிறத்தியார் வீணாக்கினால் துடித்துப்போகிறவன் அவன்.

இயந்திரம் மறுபடி வலது பக்கம் போனது. இந்த முறை தங்கை அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டு, போனை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அம்மா அவள் தலையைத் தன் தோளில் சாய்க்கப் பார்த்தாள். அவள் சாயவில்லை. உடம்பை எடுக்கத் தண்ணீர் வடிய வேண்டும், தண்ணீர் வடியப் பம்ப் ஓட வேண்டும், பம்ப் ஓட்டுகிற ஆள் உள்ளே இருக்கிறான். எப்போது கிடைக்கும், கிடைக்குமா என்றுகூட ஒருவரும் சொல்லவில்லை.

வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தபோது அவள் மடியில் போன் அதிர்ந்தது. அவள் வெடுக்கென்று எடுத்தாள். கஞ்சனும் அவள் தோளுக்கு மேலே குனிந்து பார்த்தான். நிவாரண அலுவலகத்திலிருந்து வந்திருந்தது.

பம்ப் அறையில் மீட்புப் பணி நிறுத்தப்பட்டது. வருந்துகிறோம்.

அவ்வளவுதான். சுத்தமாக, சரியாக, முற்றுப்புள்ளியோடு முடிந்திருந்தது. வட்டம் எதுவும் இல்லை.

தங்கை அதை ஒரு முறை படித்தாள். பிறகு கட்டை விரலால் திரையை மேலே தள்ளினாள். திரை கொஞ்சம் எழும்பி, பழைய இடத்துக்கே திரும்பி வந்தது. மறுபடி தள்ளினாள். மறுபடி திரும்பி வந்தது.

"அடியில ஏதாவது இருக்கும்ணா," என்றாள். "நல்லாப் பாரு. காலைல வந்ததுல இருந்துச்சே."

போனை அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கி, அவளுக்காகத் தானும் ஒரு முறை தள்ளிப் பார்த்தான். அடியில் எதுவும் இல்லை. மத்தியானம் போனில் எழுத்துக் கூட்டிச் சொன்ன வரி நன்றாக வேலை செய்திருந்தது.